டிராக்கன்ஸ்பெர்க்கில் மூன்று இரவு, பதினேழு பேர்: எப்படி ஏற்பாடு செய்வது?

அம்லாங்கா கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த பிறகு பெர்க் (டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர்) பக்கம் காலையில் போய் மாலையில் திரும்பியது உண்டு. கூடாரம் போட்டுத் தங்கியதில்லை. இந்த வருடம் (2026) செப்டம்பர் 24, ஹெரிட்டேஜ் டே என்கிற அரசு விடுமுறை, வியாழக்கிழமை வருகிறது. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள். ஆபீஸ் நண்பர்களும் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுமாகச் சேர்ந்து போகலாம் என்று முடிவாகி, ஏற்பாட்டை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

பெயர் கொடுத்திருப்பவர்கள் 17 பேர். ஆறு பேர் நன்றாக நடப்பார்கள், அதில் ஒருவர் காம்ரேட்ஸ் நெடுந்தூர மாரத்தான் ஓடி முடித்தவர். ஐந்து பேர் கடற்கரையில் மாலை நடை போகிற அளவு. குழந்தைகள் நான்கு, ஆறு வயது முதல் பதினொன்று வரை. மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், மாமியார். மாமனாருக்கு முழங்கால் வலி. மாமியார் நன்றாக நடப்பார், ஆனால் குளிர் ஆகாது.

மூன்று விஷயங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இடம். நடப்பவர்கள் உச்சிக்குப் போகாமல் என்ன மலை என்கிறார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் கழிப்பறை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சாப்பாடு. அது புரட்டாசி மாதம். மூன்று குடும்பங்கள் விரதம். மற்றவர்களோ, ஹெரிட்டேஜ் டே என்றால் நாடே பிராய் (திறந்த நெருப்பில் வாட்டிச் சாப்பிடுவது) போடுகிற நாள், கறி இல்லாமல் எப்படி என்கிறார்கள்.

ஆள் கணக்கு. வாட்சப்பில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். யார் நிஜமாக வருவார்கள் என்று தெரியாமல் எத்தனை இடம் பதிவு செய்வது?

கூட்டத்தோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். மாமனாரும் மாமியாரும் அடுத்த முறை எப்போது வருவார்களோ தெரியாது. இதை நல்லபடியாக நடத்திவிட வேண்டும் என்று இருக்கிறது.


மிட்ராண்ட் ரகு:

கார்த்தி, நடக்கிற ஆறு பேருக்காகச் சொல்கிறேன். சென்டினல் பாதைக்குப் போங்கள். ஃபுதாடிஜாபா வழியாகப் போனால் கார் நிறுத்துகிற இடமே 2500 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறி, பாறையில் அடித்த இரும்புச் சங்கிலி ஏணிகளைப் பிடித்து மேலே போனால் சமவெளி. டுகேலா அருவி விழுகிற விளிம்பிலேயே போய் நிற்கலாம். 948 மீட்டர் இறக்கம். காலையில் ஏறினால் பிற்பகலில் இறங்கிவிடலாம். பெர்க்கில் அதைப் பார்க்காமல் வருவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

மற்றவர்கள் கீழே எங்காவது தங்கட்டும். எல்லோரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லையே.


சாட்ஸ்வொர்த் சரஸ்:

கார்த்தி தம்பி, எங்கள் கோயில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் பல வருடமாக மலைக்குக் கூட்டிப்போகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திட்டத்தை யாரை வைத்துப் போடுவது என்று முடிவு செய்யுங்கள். நன்றாக நடக்கும் ஆறு பேரை வைத்துப் போட்டால் மிச்சம் பதினொரு பேர் கூடாரத்தில் உட்கார்ந்து காத்திருக்க வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். உங்கள் மாமனாரையும் அந்த ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துப் போடுங்கள். நடக்கத் தெரிந்தவருக்கு எந்த முகாமிலிருந்தும் ஏற ஒரு பாதை கிடைக்கும். முழங்கால் வலிக்காரருக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது.

அதனால் என் பதில் ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாம். 1916இலிருந்து பூங்காவாக இருக்கிற இடம். ஓடைக்கரையில் மர நிழல், சுடுதண்ணீர் வருகிற குளியலறை, ஒழுங்கான கழிப்பறை, மின் இணைப்பு உள்ள இடங்களும் உண்டு. தலையைத் தூக்கினால் ஆம்ஃபிதியேட்டர், ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறைச் சுவர். மாமனார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலை வெயில் அதில் மஞ்சளாக இறங்குவதைப் பார்க்கலாம். அவர் எங்கும் நடக்காவிட்டாலும் மலைக்கு வந்தவர்தான்.

அங்கேயே எல்லோருக்கும் நடை இருக்கிறது. முகாமிலிருந்து ஓடையை ஒட்டிப் போனால் காஸ்கேட்ஸ். பாறைப் படிகளில் தண்ணீர் இறங்கும், குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் வேலை. கொஞ்சம் தெம்பு இருப்பவர்கள் அப்படியே மேலேறி டைகர் ஃபால்ஸ் வரை போகலாம். ஆறு பேருக்கு டுகேலா பள்ளத்தாக்கு. தெண்டேலே விடுதிகளுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், போக வர சுமார் 14 கிலோமீட்டர். முதலில் புரோட்டியா மரங்கள் நிற்கிற புல் சரிவு, அப்புறம் யெல்லோவுட் காட்டு நிழல், கடைசியில் ஆற்றுக்குள் இறங்கிப் பாறைக்குப் பாறை தாண்டுவது. முடிவில் ஆறு குகை மாதிரி ஒரு இடுக்குக்குள் நுழைந்து வரும். பக்கத்தில் ஏறிப்போக சிறிய சங்கிலி ஏணி இருக்கிறது. காம்ரேட்ஸ் ஓடியவருக்கும் அது போதும்.

ஒன்று முன்பே சொல்லிவிடுங்கள். செப்டம்பர் கடைசி என்பது வறண்ட காலத்தின் முடிவு. டுகேலா அருவியில் படத்தில் பார்க்கிற தண்ணீர் இருக்காது, பாறையில் ஈரக்கோடு மாதிரி தெரிந்தாலே அதிகம். அருவிக்காகவே வருகிறவர்கள் ஜனவரியில் வரட்டும். தண்ணீர் குறைவு என்பதால் ஆற்றுக்குள் நடப்பது அப்போதுதான் சுலபம், அது வேறு.

ரகு தம்பி சொன்ன சென்டினல் அழகான பாதைதான். ஆனால் மஹாயிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்கே மலையைச் சுற்றிக்கொண்டு நீளமாக ஓட்ட வேண்டும், கடைசிப் பகுதியில் சாலையும் மோசம். ஆறு பேர் விடியற்காலை போய் இருட்டிய பிறகு வருவார்கள். வண்டியும் அவர்களோடு போய்விடும். முகாமில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? அந்த ஆறு பேரும் தனியாக ஒரு வாரக்கடைசியில் போகட்டும், நானே வழி சொல்கிறேன். குகையில் தங்கலாம் என்று யாராவது கிளப்பினால் அதுவும் இந்தக் கூட்டத்துக்குச் சரிவராது. மலைக்குள் இரவு தங்குகிற குழுவுக்குப் பன்னிரண்டு பேர் வரைதான் அனுமதி, அங்கே விறகு மூட்டவும் கூடாது.

இப்போது ஆள் கணக்கு. கட்டைவிரலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் கட்டியவர் வருகிறவர், கட்டாதவர் வாழ்த்து சொல்கிறவர், அவ்வளவுதான். ஒரு தேதி சொல்லுங்கள், அன்றிரவு பட்டியலை மூடுங்கள். முகாம் கட்டணம் திரும்ப வராது என்பதை முதல் செய்தியிலேயே எழுதுங்கள். நண்பர்களிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். பணத்தை ஒருவர், சாப்பாட்டை ஒருவர், நடையை ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் அந்தக் கூச்சம் குறையும். மூன்றையும் நீங்களே சுமந்தால் மாமனார் பக்கத்தில் உட்காரக்கூட நேரம் இருக்காது. சீக்கிரம் பதிவு செய்யுங்கள், பள்ளி விடுமுறையும் அதே வாரத்தில்தான் தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்து இடமாகக் கேட்டு வாங்குங்கள். கூடாரங்கள் சிதறிப்போனால் கூட்டம் கூட்டமாக இருக்காது.

நடக்கும்போது ஒரு விஷயம். முன்னால் போகிறவர்கள் நின்று மூச்சு வாங்குவார்கள். கடைசி ஆள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காது. எத்தனையோ பெண்கள் இனிமேல் மலைக்கே வரமாட்டேன் என்று சொன்னதற்கு இதுதான் காரணம், ஏற்றம் காரணம் இல்லை. நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: கடைசி ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவரே எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் பையைத் தோளில் மாட்டக் கூடாது. எல்லோருக்கும் பின்னால் நிதானமான ஒருவர் வர வேண்டும். அவரிடம் விசில், முதலுதவிப் பை, டார்ச். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஓடைகளில், பாதை பிரிகிற இடங்களில் முன்னால் போகிறவர் நின்றே ஆக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். மூன்று நாளும் முகாம் முழுக்கச் சைவமாக இருக்கட்டும். இங்கே புரட்டாசியை எவ்வளவு கண்ணும் கருத்துமாக நடத்துகிறோம் என்று ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சில சமயம் ஆச்சரியமாகவே இருக்கும். கரும்புத் தோட்டத்தில் தகரக் கொட்டகையில் இருந்த காலத்திலேயே எங்கள் ஆயாக்கள் இந்த மாதத்துக்குத் தனிச் சட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு வருகிற குடும்பத்தின் பக்கத்தில் கறி வாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போதாததற்கு 26ஆம் தேதி புரட்டாசிச் சனிக்கிழமை, அன்றே பௌர்ணமியும். அந்த மலைக்கு முன்னால் நிலா ஏறுகிற இரவில் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டால் உங்கள் மாமியார் மதுரைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பார்.


பீனிக்ஸ் தேவா:

சரஸ் அக்கா சொன்னதில் சாப்பாடு தவிர மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா விரதம், நான் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துச் சமாளிக்கிறோம், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. முகாமிலும் முடியும். விரதம் இல்லாதவர்களுக்குத் தனி கம்பி வலை, தனி இடுக்கி, தனி கூலர் பெட்டி. வியாழன் சாயங்காலம் மட்டும் தள்ளி ஒரு பிராய் மேடையில் போட்டுவிட்டு அன்றிரவே கழுவி வைத்துவிடலாம். ஹெரிட்டேஜ் டே இந்த நாட்டில் எல்லோருக்குமான நாள். அதில் பிராய் போடுவதும் என் பாரம்பரியம்தான் என்று நினைக்கிறேன். ஆபீஸ் நண்பர்களில் தமிழர் அல்லாதவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அது முக்கியமாக இருக்கும்.

விரதக்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.


அம்லாங்கா கார்த்தி:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. மஹாய் என்று முடிவு செய்துவிட்டேன். ரகு, ஆறு பேரிடமும் சொன்னேன், சென்டினல் தனியாக அப்புறம் என்று ஒத்துக்கொண்டார்கள். தேவா சொன்னதையும் விட மனசில்லை, ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஜூலு நண்பர்கள்.

இன்னும் சில சந்தேகங்கள். செப்டம்பரில் குளிர் எவ்வளவு இருக்கும்? கடற்கரைக்கு எடுத்துப்போகிற கூடாரம்தான் பாதிப் பேரிடம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் பதினேழு பேருக்குச் சமைக்க முடியுமா? வழியில் மாமனாருக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா, அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அப்புறம், பள்ளத்தாக்குக்குப் போன ஆறு பேர் திரும்பி வர நேரமானால் முகாமில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?


பீட்டர்மாரிட்ஸ்பர்க் நளா:

வழியைப் பற்றி நான் சொல்கிறேன், அடிக்கடி போகிற சாலை.

லாங் வீக்கெண்டில் என்3 நெடுஞ்சாலையில் எங்கள் ஊர் டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகள் வரிசை கட்டும், மூய் ரிவர் பக்கமும் அப்படித்தான். விடிவதற்கு முன் டர்பனை விட்டுக் கிளம்பிவிடுங்கள். விண்டர்டன் பக்கம் திரும்பி பெர்க்வில் வழியாகப் போக வேண்டும். பெட்ரோல், ஐஸ், விறகு எல்லாம் பெர்க்வில்லிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் நம்பி இருக்க முடியாது. சாலையில் பள்ளம் உண்டு, மாடுகள் குறுக்கே நிற்கும். இருட்டிய பிறகு அந்தப் பகுதியில் ஓட்டுகிற மாதிரி திட்டம் வேண்டாம். பூங்கா வாயில் எத்தனை மணிக்கு மூடும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனாருக்கு இரண்டு இடம். ஒன்று, எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம். செங்கல் கட்டடமும் நடைமேடையும் இன்றும் இருக்கின்றன. இரண்டாவதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். விண்டர்டன், பெர்க்வில் பக்கத்தில்தான் ஸ்பியோன்கோப் குன்று. 1900 ஜனவரியில், ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் போரில், அங்கே சண்டை நடந்தபோது காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்தவர்களில் நம் ஆட்கள் இருந்தார்கள். காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1100 பேர், அதில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்களோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. காரில் போகும்போது அந்தக் குன்றைக் காட்டி, குழந்தைகளுக்கு அவரையே கதை சொல்லச் சொல்லுங்கள்.

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து யாராவது சேர்ந்துகொள்வதானால் ஒரு எச்சரிக்கை. 2024 செப்டம்பரில், இதே வாரத்துக்குச் சில நாள் முன்னால், வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3இல் வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன. வசந்தம் வந்துவிட்டது என்று நினைக்கிற சமயத்தில் வருகிற பனி அது. கிளம்புவதற்கு முன் இரண்டு நாளும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள், காரில் கம்பளியும் தண்ணீரும் இருக்கட்டும்.


சாட்ஸ்வொர்த் சரஸ்:

நளா, ஸ்பியோன்கோப்பைச் சொன்னதற்கு நன்றி. எங்கள் பிள்ளைகளை அடுத்த முறை அங்கே இறக்கி நடக்க வைக்கப் போகிறேன்.

தம்பி, குளிர். மஹாய் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் சட்டையோடு இருக்கலாம், இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழேகூடப் போகும். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வையாக அள்ளிக்கொண்டு வருவார்கள். தரைதான் சூட்டை உறிஞ்சும். காற்றடைத்த மெத்தை மட்டும் போட்டால் அதற்குள் இருக்கும் காற்றே சில்லிட்டுப் போகும், அதன்மேல் ஃபோம் பாய் அல்லது கனமான கம்பளி விரிக்க வேண்டும். மாமியாருக்கு ஒரு சுடுதண்ணீர்ப் பை, ஒரு கம்பளிக் குல்லா, காலுக்குக் காய்ந்த சாக்ஸ். அந்த சாக்ஸைப் படுக்கிறபோதுதான் போட வேண்டும், பகலில் போட்டது எதுவும் கூடாது. கடற்கரைக் கூடாரம் காற்றுக்கும் மழைக்கும் தாங்காது. மழைத் துணி தரை வரைக்கும் இறங்குகிற கூடாரமாக நண்பர்களிடம் கடன் வாங்குங்கள். வாங்கியதை வீட்டு வாசலில் ஒரு முறை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

சமையல். பதினேழு பேருக்கு இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, ஒரு பெரிய பொய்கி இரும்புச் சட்டி போதும். முதல் இரவுக்கு வீட்டிலேயே கிளறிய புளிச்சோறு, கூட உருளைக்கிழங்கு வறுவல். வந்து இறங்கிய அன்று யாரும் சமைக்க மாட்டார்கள். இரண்டாம் இரவு சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும். பீன்ஸை வீட்டிலேயே ஊறவைத்து முக்கால் வேக்காடு வேகவைத்து, டப்பாவில் உறையவைத்துக் கொண்டுவந்தால் அதுவே கூலர் பெட்டிக்கு ஐஸ்கட்டியும் ஆகும், கேஸும் மிச்சம். சனிக்கிழமை காலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி கோவிந்தா சொல்லிவிட்டு நடக்கக் கிளம்புங்கள். கற்பூரத்தைப் புல்மேல் வைக்காதீர்கள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல் அது, பெர்க் காற்று என்கிற சூடான வறண்ட காற்று அடித்தால் ஒரு பொறி போதும். அதே காரணத்துக்காகத்தான் நெருப்பு, முகாமில் அதற்கென்று இருக்கிற மேடையில் மட்டும்.

தேவா தம்பி, நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். உங்கள் அம்மா அந்த வீட்டின் எஜமானி, இரண்டு அடுப்பையும் வைக்கச் சொன்னவர் அவர். முகாமிலும் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த மூன்று குடும்பம்தான். கார்த்தி அவர்களைத் தனித்தனியாகக் கேட்கட்டும். குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள், அதை நம்ப முடியாது. அவர்கள் மனதார ஒப்புக்கொண்டால் வியாழன் சாயங்காலம் நீங்கள் சொன்ன மாதிரியே தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் என் ஆசை ஒரே அடுப்புதான். பிராய் என்றால் கறி மட்டும் என்று யார் சொன்னது? மசாலா தடவிய சோளக்கதிர், தாளில் சுற்றிய பட்டர்நட் பூசணி, சீஸும் தக்காளியும் வெங்காயமும் வைத்துக் கம்பி வலையில் அழுத்தி வாட்டுகிற ரொட்டி, பக்கத்தில் கொஞ்சம் சக்கலக்கா என்கிற காரமான காய்கறித் தொக்கு. உங்கள் ஜூலு நண்பர்கள் இதில் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பபூன் குரங்குகளைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. மஹாயில் அவற்றுக்கு வெட்கமே கிடையாது. கூடாரத்தின் ஜிப் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை, கிழித்துக்கொண்டு போகும். ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடக் கூடாரத்தில் இருக்கக் கூடாது, எல்லாம் கார் டிக்கியில். ஆண் பபூன் கையில் இருப்பதைப் பிடுங்க வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். வெயிலுக்காகப் பாறையில் படுக்கிற பஃப் ஆடர் பாம்பையும் சொல்லிவையுங்கள். அது சத்தம் கேட்டு விலகாது, அப்படியே கிடக்கும். பார்த்துக் கால் வைப்பதுதான் வழி.

கடைசியாக நீங்கள் கேட்டதுதான் மிக முக்கியம். ஆறு பேரும் கிளம்புவதற்கு முன் பூங்காவின் மலைப் பதிவேட்டில் பெயர், போகிற பாதை, திரும்புகிற நேரம், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆறரைக்குள் நடக்கத் தொடங்கட்டும். எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முன்னாடியே பேசிவையுங்கள், இன்னும் பத்து நிமிடத்தில் குகை வந்துவிடும் என்றாலும். மழைக்காலம் தொடங்குகிற சமயம், பிற்பகலில் இடி வரும். ஆற்றுக்குள் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை கண்ணுக்குத் தெரியாது. வந்ததும் பதிவேட்டில் திரும்பியதாகக் கையெழுத்துப் போட மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஆட்கள் தேடக் கிளம்பிவிடுவார்கள். பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. அதனால் அழைப்பு வரவில்லை என்பதை வைத்து நீங்கள் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். நேரத்தை மட்டும் பாருங்கள். நான்கு மணிக்குள் வரவில்லை என்றால் முகாம் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் வாயில் காவலரிடம் சொல்லுங்கள், சிக்னல் இருக்கிற இடத்திலிருந்து 112க்கு அழையுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நீங்களே தேடிப் போகக் கூடாது. மலையைத் தெரிந்த மீட்புக்குழு இருக்கிறது. அவர்கள் கேட்கிற முதல் கேள்வி எத்தனை பேர், என்ன நிறச் சட்டை, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்பதுதான். காலையில் கிளம்பும்போதே ஆறு பேரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.